பெயர் பின்பக்கத்தில் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரைத் திருவிழாவை ஒட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கத்துக்கு ஒரு ஓவியத்தை வண்ணத்தில் அச்சிட்டிருந்தீர்கள். அழகர் வைகையில் இறங்கும் காட்சி. நகரத்தில் ஒரு சேகரிப்பாளர் வீட்டில் இருக்கிறது, பழைய சாமான் கடையில் கிடைத்தது என்று எழுதி, கீழே 'ஓவியர் பெயர் தெரியவில்லை' என்று போட்டிருந்தீர்கள்.

எனக்குத் தெரியும். அந்தப் பெயரின் மேல் பேப்பர் ஒட்டி மூடியவனே நான்தான். கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் இல்லையென்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசிப் பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் எங்களுக்குப் பிரேம் கடை. அப்பா ஆரம்பித்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் கோட்டை விட்டதும் என்னையும் கடையில் உட்கார வைத்துவிட்டார். அப்போது எங்களுக்குச் சோறு போட்டவை சாமி படங்கள். கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சாகி, காலண்டராகச் சுற்றி வரும். வருஷம் முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருவார்கள். மீனாட்சி கல்யாணம் மட்டும் எத்தனை ஆயிரம் போட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. அந்தப் படங்களின் அடியில் வரைந்தவர் பெயர் அச்சாகியிருக்கும். பிரேமின் உள்வாய் அந்த எழுத்தை மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார். பெயர் போன ஓவியருக்கு அந்த மரியாதை உண்டு.

சனிக்கிழமை மதியங்களில் ஒரு அம்மா வருவார். பள்ளிக்கூடம் அரை நாள் முடிந்து நேராக வருவது சேலையில் ஒட்டியிருக்கும் சாக்பீஸ் தூளிலேயே தெரியும். கையில் செய்தித்தாளில் சுற்றிய கார்ட்ரிட்ஜ் பேப்பர், படம் வரைகிற தடித்த தாள். எல்லோரும் அவரை டிராயிங் டீச்சர் என்பார்கள். நாங்களும் அப்படித்தான். டிராயிங்கில் லோயர், ஹையர் இரண்டு பரீட்சையும் எழுதி, டி.டி.சி. என்ற ஆசிரியர் பயிற்சியும் முடித்து வேலைக்கு வந்தவர் என்று அப்பா சொல்வார். படம் வரையத் தெரிந்த பெண்பிள்ளைக்கு அந்தக் காலத்தில் வீட்டில் சம்மதித்த வழி அது ஒன்றுதான். ஓவியர் ஆகிறேன் என்றால் அடி விழும். டிராயிங் டீச்சர் என்றால் அரசாங்கச் சம்பளம்.

பிரேமுக்குப் போடும் சட்டத்தை நாங்கள் பீடிங் என்போம். இருக்கிறதிலேயே மலிவான கறுப்பு பீடிங்கைத்தான் கேட்பார். பணத்தை இரண்டு தவணை, சமயத்தில் மூன்று தவணையாகக் கொடுப்பார். அப்பா சாமி பட வேலையை எல்லாம் முடித்துவிட்டுத்தான் டீச்சர் படத்தை எடுப்பார். அதனால் அந்த வேலை பெரும்பாலும் என் கைக்கு வந்துவிடும்.

நீங்கள் அச்சிட்ட படம் அப்படி வந்ததுதான். பேப்பரில் பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது ஓவியம் இல்லை, பிரேம். கறுப்பில் ஒரு மெல்லிய பொன் கோடு ஓடும் பீடிங், இப்போது வருவதில்லை. இடது கீழ் மூலையில் வாய் சரியாகச் சேராமல் ஒரு நூல் அளவு இடைவெளி இருக்கும். அது என் கைவேலை. அன்றைக்கு அந்த மூலைக்காக அப்பாவிடம் வாங்கிய திட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பிரேமைப் பார்த்த பிறகுதான் படத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், என் கையால் கண்ணாடி போட்ட அந்தப் படத்தை நான் முதல்முறையாகப் பார்த்ததே அன்றைக்குத்தான்.

அழகர் இறங்கும் படம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். குதிரை நடுவில் பெரிதாக நிற்கும், கூட்டம் சுற்றிப் புள்ளி புள்ளியாக இருக்கும். இந்தப் படத்தில் தங்கக் குதிரை கட்டைவிரல் நகம் அளவுதான். தூரத்தில் ஏ.வி. பாலம் ஒரு கோடு. அழகர் என்ன கலர் பட்டு உடுத்தி வருகிறார் என்று ஊரே கேட்குமே, அந்தப் பச்சை ஒரே ஒரு சொட்டு. படத்தின் முக்கால்வாசி ஆழ்வார்புரம் கரை மணலும் அதில் நிற்கும் பெண்களும்தான். நடுராத்திரியே வந்து இடம் பிடித்தவர்கள் நிற்கிற நிற்பு. ஒருத்தி ஒரு காலை ஊன்றி மறு காலுக்கு ஓய்வு கொடுக்கிறாள். இன்னொருத்தி தூங்கும் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போடுகிறாள். நாலைந்து பேர் கையில் சர்க்கரைச் சொம்பு, வாயில் வாழை இலை கட்டி மேலே சூடம் எரிகிறது. சூடத்தின் வெளிச்சம் அவரவர் மோவாயில் மட்டும் விழுந்திருக்கிறது. ஓரத்தில் வேஷம் கட்டிய ஆள் தோல் துருத்தியால் தண்ணீர் பீய்ச்சுகிறார். அந்தத் துளிகளுக்கு வெள்ளைச் சாயம் வைக்கவில்லை. பேப்பரையே அங்கங்கே வெறுமனே விட்டு, சுற்றி வண்ணத்தை ஓட்டியிருக்கிறார். வாட்டர் கலரில் இது லேசான வேலை கிடையாது. ஒரு தடவை தொட்டுவிட்டால் அந்த வெள்ளை திரும்ப வராது.

எல்லாரும் அழகரைப் பார்த்து நிற்க, ஒரு வயதான அம்மா மட்டும் திரும்பி நம்மைப் பார்க்கிறார். உங்கள் கட்டுரையாளரும் அதைக் கவனித்திருக்கிறார். கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த தாயாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்.

சேகரிப்பாளரைத் தேடிப் பிடித்துப் போனேன். நல்ல மனிதர். கடைக்காரன் வந்து 'இந்தப் படத்தைப் பிரிக்கணும் சார்' என்றால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். மூலையைக் காட்டிக் கதையைச் சொன்னதும் சரி என்றார். திருப்பிப் பார்த்தால் பிரவுன் பேப்பரின் நடுவில் எங்கள் கடையின் மஞ்சள் ஸ்டிக்கர். அப்பா பெயர், சந்தின் பெயர், ஐந்து இலக்கப் போன் நம்பர், எல்லாம் அழியாமல் இருக்கிறது. ஓவியர் பெயர் தெரியாமல் போகலாம், பிரேம் போட்டவன் பெயர் போகவே போகாது என்கிற மாதிரி.

பழைய பசை. அப்போதெல்லாம் மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து ஒட்டுவோம். மழுங்கின கத்தியால் மெதுவாக நெம்பினேன். பின்அட்டையை எடுத்தேன். கார்ட்ரிட்ஜ் பேப்பரின் பின்பக்கம், வலது ஓரத்தில், நீல மசியில் நாலு வரி. முதல் வரியில் பெயர், முன்னால் இனிஷியலோடு. அடுத்தது 'ஆழ்வார்புரம் கரை'. அதற்குக் கீழே 'மே 1979'. நாலாவது வரி இது:

'திரும்பிப் பார்ப்பது என் அம்மா. நான் கூப்பிட்டேன்.'

அந்த நீல எழுத்தைப் பார்த்ததும் ஒரு சனிக்கிழமை ஞாபகம் வந்தது. படத்தைக் கொடுத்துவிட்டு டீச்சர் போகாமல் நின்று, 'தம்பி, பின்னாடி மட்டும் ஒட்டாம விட்ருங்க, பேரு எழுதியிருக்கேன்' என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா வைரத்தால் கண்ணாடி அறுத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், 'ஒட்டலைன்னா ராமபாணப் பூச்சி உள்ள போயிரும்மா. பின்பக்கத்தை யாரும்மா பாக்கப் போறா?' என்றார். டீச்சர் சிரித்தார். முன்னாலேயே போட வேண்டியதுதானே என்று நான் கேட்டதற்கு, 'சாமி இருக்கிற படத்துல என் கையெழுத்து எதுக்கு' என்றார். அவ்வளவுதான். போய்விட்டார். நான் பசையைத் தடவி ஒட்டினேன்.

அப்பா சொன்னதில் தொழில்படி தப்பில்லை. பின்னால் ஒட்டியதால்தான் பூச்சி உள்ளே போகாமல் படம் இத்தனை வருஷம் பிழைத்திருக்கிறது. அதுவும் உண்மை. மூடுவதற்கு முன் அந்த நாலு வரியை ஒரு துண்டுத்தாளில் எழுதி வெளியே ஒட்டியிருக்கலாம். அது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய கணக்கு நோட்டுகளை இறக்கினேன். 1976 முதல் 1988 வரை பதினான்கு இடத்தில் அவர் வருகிறார். பதினான்கு இடத்திலும் 'டி. டீச்சர், படம் 1, பாக்கி இவ்வளவு' என்று எழுதியிருக்கிறது. பாதி என் கையெழுத்து. பன்னிரண்டு வருஷம் வந்து போன ஒரு வாடிக்கையாளரின் பெயரை ஒரு தடவைகூட நாங்கள் கேட்டு எழுதவில்லை. எதிர்க்கடைக்காரர் பெயர் இருக்கிறது, ஆணி கொண்டு வந்து கொடுத்த பையன் பெயர்கூட இருக்கிறது. ஆகவே 'தெரியவில்லை' என்று போட்டதற்கு உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இதைப் பெங்களூரில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னேன். 'அப்பா, இதே மாதிரி ஹாலந்துல நடந்திருக்கு' என்று அவள் ஒரு கதை சொன்னாள். ஹார்லெம் என்ற ஊரில் 1609இல் பிறந்தவர் ஜூடித் லெய்ஸ்டர். 1633இலேயே அந்த ஊர் ஓவியர் சங்கத்தில் உறுப்பினர். சொந்தமாகப் பட்டறை வைத்துச் சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். லெய்ஸ்டர் என்றால் அவர்கள் பாஷையில் வழிகாட்டும் நட்சத்திரமாம். அதனால் ஜே, எல் இரண்டு எழுத்தையும் பின்னி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுவாராம் கையெழுத்தாக. 1660இல் இறந்துபோனார். அப்புறம் அவர் படங்கள் எல்லாம் அதே ஊர்க்காரரான பிரான்ஸ் ஹால்ஸ் என்ற பெரிய ஓவியரின் பெயரிலும் மற்றவர்கள் பெயரிலும் கைமாறிக்கொண்டே இருந்தன. ஹால்ஸ் படம் என்று நம்பி ஒன்றைப் பெரிய விலைக்கு வாங்கியவர்கள் இங்கிலாந்தில் வழக்குப் போட்டார்கள். போலிக் கையெழுத்துக்கு அடியில் வேறொரு கையெழுத்து இருந்தது, அதுதான் காரணம். 1893இல் ஹாஃப்ஸ்டெட் டெ க்ரூட் என்ற ஆய்வாளர் அந்த எழுத்தையும் நட்சத்திரத்தையும் வைத்து இது யார் என்று கண்டுபிடித்துச் சொன்னார். அப்புறம் மற்றப் படங்களும் ஒவ்வொன்றாக அவர் பெயருக்கு வந்தன.

நட்சத்திரத்துக்கு மேலே ஹால்ஸ் பெயரை எழுதியவன் காசுக்காகச் செய்தான். நான் ஆறு ரூபாய் பாக்கி வேலைக்குச் செய்தேன்.

அந்தக் கதையில் இன்னொன்றும் உண்டு. லெய்ஸ்டர் 1636இல் இன்னொரு ஓவியரைக் கல்யாணம் செய்துகொண்டார். கணவர் காலமான பிறகு எடுத்த சொத்துப் பட்டியலில் சில படங்களுக்கு நேரே, ஓவியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'மனைவி' என்றுதான் எழுதியிருந்ததாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், டீச்சர் இப்போது இல்லை. அவருடைய மகளைப் பழைய மாணவி ஒருவர் மூலமாகக் கண்டுபிடித்துப் பேசினேன். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவர் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம், 'பேரு போட்டா அம்மா பேரைத்தான் போடணும் சார். இன்னாரோட மனைவின்னு போட்டா வேண்டவே வேண்டாம்' என்றார். அவருக்கு ஒரு அண்ணன் இருக்கிறார். அவரிடமும் கலந்துகொண்டு உங்களுக்கு நேரடியாக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் பெயர் பெயர் என்று இவ்வளவு பேசிவிட்டு இந்தக் கடிதத்தில் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறேன். தனித்தாளில் எழுதி உறைக்குள் வைத்திருக்கிறேன். மகளிடமிருந்து கடிதம் வந்ததும், அதே ஞாயிறு இணைப்பில், அதே இடத்தில் போட வேண்டும். நாலாம் பக்க மூலையில் 'திருத்தம்' என்று மூன்று வரி போட்டால் நான் மறுபடி எழுதுவேன்.

எங்கள் தொழிலில் ரவி வர்மா படத்துக்குத் தனி மவுசு. நான் திருவனந்தபுரம் போனபோது அங்கே சித்ரா ஆர்ட் கேலரியில் ரவி வர்மாவின் உருவப்படம் ஒன்று பார்த்தேன். வரைந்தது மங்களாபாய் தம்புராட்டி, அவருடைய உடன்பிறந்த தங்கை. ஆயுசு முழுக்க ரவி வர்மா படத்துக்குச் சட்டம் போட்டவன், அவருக்கு ஓவியம் வரைகிற தங்கை இருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கூடவே இருந்து வரைந்த தம்பி ராஜராஜ வர்மாவைப் பற்றி அப்பாவே சொல்லியிருக்கிறார். தங்கையைப் பற்றி அவருக்கும் தெரிந்திருக்காது.

சரி, மதுரைக்கு வருகிறேன். பதினான்கில் இதுவரை மூன்று கிடைத்திருக்கிறது. ஒன்று நீங்கள் அச்சிட்டது.

இரண்டாவது, திருப்பரங்குன்றத்தில் ஒரு பழைய மாணவி வீட்டில். கல்யாணத்துக்கு டீச்சர் கொடுத்த பரிசாம். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், தண்ணீர் இல்லாமல். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளத்தில் பையன்கள் மூன்று குச்சியை நட்டுக் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மைய மண்டபத்தின் நிழல் பிட்சில் விழுகிறது. இப்போது தண்ணீர் நிறைந்து படகு போகிற குளத்தைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் நம்பமாட்டார்கள். நாங்கள் எல்லாம் அங்கே ஆடியவர்கள்தான். மேற்குப் படிக்கட்டைத் தாண்டினால் சிக்ஸர். இந்தப் படத்தில் சிவப்பு மட்டும் வெளிறிப்போயிருந்தது. ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருக்கிறார்கள். வெயில் பட்டால் முதலில் போவது அந்த ரோஸ் கலந்த சிவப்புதான்.

மூன்றாவதைச் சொல்லவே மனசு வரவில்லை. அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் ஸ்டோர் ரூமில் இருந்தது. எந்தப் பள்ளி என்று எழுதவில்லை, இப்போது இருப்பவர்கள் மேல் தப்பில்லை. கண்ணாடி உடைந்ததும் யாரோ பிரேமோடு திருப்பிப் போட்டு, பின்பக்க ஹார்டுபோர்டில் வெள்ளை பெயின்ட் அடித்து 'அமைதி காக்கவும்' என்று எழுதி மாட்டியிருக்கிறார்கள். பல வருஷம் வராந்தாவில் தொங்கியிருக்கிறது. உள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டு, மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்துத் தையல்காரர் ஒருவர் தூணில் சாய்ந்து அழகர் வேஷத்துக்கு ஜரிகை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார். தூணில் செதுக்கிய சிலையும் அவரும் ஒரே மாதிரி குனிந்திருக்கிறார்கள். இப்போது அந்தத் தையல் கடைகளும் புதுமண்டபத்தை விட்டு இடம் மாறிவிட்டன. ஈரம் பட்டுக் கீழே கால்வாசி போய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்ற முடியுமா என்று விஷயம் தெரிந்தவர்களிடம் காட்டியிருக்கிறேன். என் மைதாப் பசை அறிவை வைத்து அதில் கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

இன்னும் பதினொன்று எங்கோ இருக்கிறது. இந்தக் கடிதத்தின் காரியமே அதுதான். மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி எங்கே வேண்டுமானாலும், உங்கள் வீட்டில் கறுப்பு பீடிங்கில் பொன் கோடு போட்ட வாட்டர் கலர் படம் இருந்தால் தயவுசெய்து ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தால் எங்கள் கடையில் போட்டது. நீங்களாகப் பிரிக்க வேண்டாம். முதலில் முன்னும் பின்னும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தொட்டுத் துடைக்காதீர்கள், வாட்டர் கலர் கரைந்து ஓடிவிடும். பேப்பர் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் இழுக்கவே கூடாது, அப்படியே கொண்டு வாருங்கள். அந்தக் காலத்தில் காசு மிச்சம் என்று நடுவில் மவுண்ட் என்கிற அட்டை வைக்காமல் கண்ணாடியை நேராகப் படத்தின் மேலேயே வைத்துவிடுவோம், அதனால் வந்த வினை. பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள், அப்புறம் பிரிக்க வழியே கிடையாது. கடைக்குக் கொண்டு வந்தால் பிரித்துப் பார்த்து, திரும்ப மாட்டிக் கொடுக்க ஒரு பைசா வாங்கமாட்டேன்.

டீச்சர் படம்தான் என்று இல்லை. உங்கள் வீட்டு அத்தையோ பெரியம்மாவோ கல்யாணத்துக்கு முன் வரைந்தது என்று எதாவது பரண் மேல் கிடந்தாலும் சரி. பெயரைப் பென்சிலில், லேசாகப் பின்னால் எழுதிவிட்டுக் கொண்டு வாருங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் அழுந்தித் தெரியும்.

அழகர் படத்தை அதே பீடிங்கில் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டேன். மூலை இடைவெளியைச் சேகரிப்பாளர் சரிசெய்ய வேண்டாம் என்றுவிட்டார். பின்னால் பிரவுன் பேப்பர் ஒட்டவில்லை. நாலு வரியும் தெரிகிற மாதிரி கண்ணாடித் தாள் போட்டு, ஓரத்தை மட்டும் டேப்பால் மூடியிருக்கிறேன். எங்கள் ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவது என்று யோசித்து, கடைசியில் சட்டத்தின் அடிப்பக்கத்தில், சுவரில் மாட்டினால் கண்ணில் படாத இடத்தில் ஒட்டினேன்.

ஞாயிறு கடை கிடையாது. மற்ற நாள் காலை பத்து முதல் இரவு எட்டு வரை இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு பிரேம் கடைக்காரர்,
தெற்கு மாசி வீதி அருகில், மதுரை.